மூன்று வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமநிலை: நூட் றொக்னியின் முதற் பருவம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் நூட் றொக்னியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் எண்கள் பெரியவை. நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநராக 13 பருவங்கள். 105 வெற்றிகள், 12 தோல்விகள், 5 சமநிலைகள். அவற்றில் ஐந்து பருவங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் வென்ற பருவங்கள். அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கணக்கைச் சொல்லாமல் அங்கே யாரும் பயிற்றுநர்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை.

நான் அவரைப் பற்றி எழுத விரும்பியது இந்த எண்களுக்காக அல்ல. அந்தப் 13 பருவங்களில் முதலாவதான 1918ஆம் ஆண்டுப் பருவத்துக்காக. ஆறே ஆறு ஆட்டங்கள். மூன்று வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு சமநிலை. றொக்னியின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த ஆண்டை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். ஆனால் ஒரு புதிய பயிற்றுநர் எதை வைத்து அளக்கப்பட வேண்டும் என்ற கேள்விக்கு, அவருடைய வெற்றிப் பருவங்களைவிட இந்த அரைகுறைப் பருவமே கூடுதலாகப் பதில் சொல்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறு விளக்கம். நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வதும் அமெரிக்கர்கள் அதே பெயரில் சொல்வதும் ஒன்றல்ல. அவர்களுடையது றக்பிக்கு நெருங்கிய உறவு. பக்கத்துக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்து. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும், அதற்குள் 10 யார் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் ஆறு புள்ளிகள். றக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிய முடியாது. அமெரிக்கர்கள் அதை 1906இல் அனுமதித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் மைதானங்களில் நிகழ்ந்த மரணங்கள் நாட்டையே உலுக்கி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிடும் அளவுக்குப் போயிருந்தன. மோதலைக் குறைத்து ஆட்டத்தைத் திறந்துவிடுவதற்காக வந்த மாற்றங்களில் ஒன்றுதான் இந்த முன்னெறிகை. றொக்னியின் வாழ்க்கை இந்த ஒரு விதிமாற்றத்தோடு பின்னிக் கிடக்கிறது.

நோர்வேயில் இருந்து சிக்காகோவுக்கு

றொக்னி 1888 மார்ச் 4ஆம் திகதி நோர்வேயின் வொஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் வண்டி செய்யும் கைவினைஞர். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி அவர் அமெரிக்காவுக்குப் போனார். குடும்பம் பின்னால் போய்ச் சேர்ந்தது. அப்போது மகனுக்கு ஐந்து வயது. ஆங்கிலம் தெரியாது. சிக்காகோவின் வெற்றுக் காணிகளில் பிற குடியேற்றவாசிகளின் பிள்ளைகளோடு விளையாடித்தான் அவர் மொழியையும் பந்தையும் ஒன்றாகக் கற்றார்.

பள்ளியை விட்டதும் அவர் பல்கலைக்கழகம் போகவில்லை. போகப் பணம் இல்லை. சிக்காகோ தபாற்கந்தோரில் சேர்ந்து கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலை செய்தார். சில ஆண்டுகள் காசு சேர்த்தார். 1910இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 22. கூடப் படித்தவர்கள் நான்கைந்து வயது இளையவர்கள். அது 1842இல் கத்தோலிக்கக் குருமார் தொடங்கிய நிறுவனம். அவரோ லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆள் உயரமில்லை, தலைமுடி கொட்டத் தொடங்கியிருந்தது, மூக்கு சிறுவயதில் உடைந்து தட்டையாகியிருந்தது. இப்படியொருவர் அந்த நிறுவனத்தின் முகமாக மாறுவார் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

1913 கோடையில் றொக்னியும் அணித்தோழர் கஸ் டொராயும் ஒஹாயோவின் சீடார் பொயின்ற் கடற்கரை விடுதியில் வேலை செய்தார்கள். ஈரி ஏரிக்கரை மணலில் ஓய்வு நேரமெல்லாம் ஒருவர் எறிய மற்றவர் ஓடியபடியே பிடித்துப் பழகினார்கள். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் திகதி வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 35-13 என்று வீழ்த்தினார்கள். முன்னெறிகையை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதுவது சரியல்ல. மற்ற அணிகளும் அதற்கு முன்பே பயன்படுத்தியிருந்தன. ஆனால் ஓர் ஆட்டத்தின் மையமாகவே அதை வைத்துப் பெரிய அணியொன்றை வெல்லலாம் என்று கிழக்குக் கரையின் பத்திரிகையாளர்கள் கண்கூடாகப் பார்த்தது அன்றுதான்.

1914இல் மருந்தாளர் பட்டத்தோடு வெளியே வந்தார். அங்கேயே இரசாயன ஆய்வுகூட உதவியாளராகவும் உதவிப் பயிற்றுநராகவும் தங்கிவிட்டார். ஆய்வுகூடத்தில் அவர் உதவியது குருவானவரும் இரசாயன அறிஞருமான ஜூலியஸ் நியூலண்டுக்கு. செயற்கை இறப்பரின் ஒரு முக்கிய வகை பின்னாளில் உருவானது நியூலண்டின் ஆய்வுகளின் வழியேதான். றொக்னி அந்தப் பாதையிலேயே போயிருந்தாலும் ஒரு நல்ல விஞ்ஞான ஆசிரியராக வாழ்ந்திருப்பார்.

1918: யுத்தமும் காய்ச்சலும்

தலைமைப் பயிற்றுநர் ஜெசி ஹார்ப்பர் 1918இல் பதவியை விட்டுக் கன்சாஸ் மாநிலத்துக்கு மாட்டுப் பண்ணை நடத்தப் போனார். அவர் ஐந்து பருவங்களில் ஐந்தே ஐந்து ஆட்டங்களில்தான் தோற்றிருந்தார். அந்த இடத்துக்கு 30 வயது றொக்னி வந்தார்.

வந்த காலம்தான் பொல்லாதது. அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. முந்திய ஆண்டு ஆடியவர்களில் பலர் படையில் இருந்தார்கள். ஒக்டோபர் 1ஆம் திகதி நாடெங்கும் 500க்கு மேற்பட்ட கல்லூரிகளில் மாணவர் இராணுவப் பயிற்சிப் படை தொடங்கியது. மாணவர்கள் ஒரே நாளில் சீருடைச் சிப்பாய்கள் ஆனார்கள். காலையில் அணிவகுப்பு, பகலில் வகுப்பு, மாலையில் எஞ்சிய நேரத்தில்தான் விளையாட்டு. படையில் உள்ள மாணவர்கள் தூர இடங்களுக்குப் பயணம் செய்வதற்கு ஒக்டோபர் மாதம் முழுவதும் கட்டுப்பாடு இருந்தது.

அதே வாரங்களில்தான் இன்ஃபுளுவென்சாவின் இரண்டாம் அலை வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற அந்தக் காய்ச்சல் இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. மற்றக் காய்ச்சல்கள் முதியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோகும். இதுவோ 20க்கும் 40க்கும் இடைப்பட்ட திடகாத்திரமான உடல்களையும் தேடிப் பிடித்தது. ஒரு விளையாட்டு அணியின் வயதும் ஒரு படைமுகாமின் வயதும் அதுதான். கொரோனாக் காலத்தில் வெறும் மைதானங்களையும் பூட்டிய பாடசாலைகளையும் பார்த்த எங்களுக்கு அந்த ஒக்டோபரைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

செப்டெம்பர் 28இல் கிளீவ்லண்டில் கேஸ் கல்லூரியை 26-6 என்று வென்று றொக்னி தன் கணக்கைத் தொடங்கினார். அடுத்த ஆட்டம் ஆடக் கிடைத்தது நவம்பர் 2ஆம் திகதி. இடையில் ஐந்து வாரங்கள் ஆட்டமே இல்லை. புதிய பயிற்றுநர் ஒருவருக்கு இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. பழகிய அணி இல்லை, ஆட்ட அட்டவணை இல்லை, அடுத்த கிழமை யார் படுக்கையில் இருப்பார் என்பதும் தெரியாது.

ஆள் பற்றாக்குறையால் முதலாம் ஆண்டு மாணவர்களும் அவ்வாண்டு அணியில் ஆட அனுமதிக்கப்பட்டார்கள். வழமையாக அது தடை. அப்படி வந்தவர்களில் ஒருவர் விஸ்கொன்சின் மாநிலத்தின் கிறீன் பே நகரைச் சேர்ந்த ஏர்ல் லம்போ. ஒரே பருவம் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டே கிறீன் பே பெக்கர்ஸ் அணியைத் தொடங்கினார். இன்றும் அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் அதே பெக்கர்ஸ்தான்.

நவம்பர் 2இல் வபாஷ் கல்லூரியை 67-7 என்று நொறுக்கினார்கள். ஒரு கிழமை கழித்து, நவம்பர் 9ஆம் திகதி, கிறேற் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலைய அணி வந்தது. பெயரில்தான் அது பயிற்சி நிலையம். யுத்தத்துக்காகக் கடற்படையில் சேர்ந்த பல கல்லூரிகளின் சிறந்த வீரர்கள் ஒன்றாகக் குவிந்திருந்த அணி அது. பின்னாளில் சிக்காகோ பெயார்ஸ் அணியை உருவாக்கிய ஜோர்ஜ் ஹாலாஸ் அதில் இருந்தார். பெடி டிறிஸ்கலும் இருந்தார். இரண்டு மாதத்தின் பின் றோஸ் போல் கிண்ணத்தை வென்றது இதே கடற்படை அணிதான். வளர்ந்த ஆண்களுக்கு எதிராக றொக்னியின் பையன்கள் 7-7 என்று சமன் செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11இல், யுத்தம் முடிந்தது. அந்தச் சமநிலை ஆட்டத்தில் ஓடிய பையன்களில் பலருக்கு அடுத்த ஆண்டு பிரான்சின் பதுங்குகுழிகள்தான் காத்திருந்தன. அது இல்லாமல் போனது. எந்தப் புள்ளிவிபரப் பட்டியலிலும் இந்தச் செய்தி வராது. ஆனால் அந்தப் பருவத்தின் மிகப் பெரிய முடிவு அதுதான்.

அடுத்த கிழமை மிச்சிகன் விவசாயக் கல்லூரியிடம் 7-13 என்று தோற்றார்கள். றொக்னியின் முதல் தோல்வி. பின்னர் பேர்டியூவை 26-6 என்று வென்று, நன்றி கூறும் நாளில் நெப்ராஸ்காவுடன் 0-0 என்று பருவத்தை முடித்தார்கள்.

ஹார்ப்பரின் கணக்கோடு ஒப்பிட்டால் இது பின்னடைவு. அன்று பல்கலைக்கழக நிர்வாகம் எண்களை மட்டும் பார்த்திருந்தால் இரசாயன ஆசிரியரை ஆய்வுகூடத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. 1919இல் அவர் ஒன்பது ஆட்டங்களையும் வென்றார். 1920இலும் ஒன்பதுக்கு ஒன்பது.

கிப் என்ற பையன்

1918 பருவத்துக்கு இன்னொரு விளைவும் இருந்தது. யுத்தகாலம் என்பதால் அந்த ஆண்டு ஆடியது மாணவர்களின் தகுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் ஜோர்ஜ் கிப் 1920இலும் ஆட முடிந்தது.

கிப் மிச்சிகன் மாநிலத்தின் லோரியம் என்ற சுரங்க ஊரில் இருந்து வந்தவர். பேஸ்போல் ஆட வந்தவரை, மைதானத்தோரம் பந்தை உதைத்துக்கொண்டிருந்தபோது றொக்னி கண்டெடுத்தார். ஓடுவார், எறிவார், உதைப்பார். வகுப்புக்கு மட்டும் போகமாட்டார். சீட்டாட்டமும் பில்லியட் பந்தயமும் அவருடைய வருமானம். 1920 வசந்தத்தில் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஊர்க்காரரின் அழுத்தத்தின் பின் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஒழுக்கத்தில் கண்டிப்பான றொக்னி இந்த ஒருவர் விடயத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கும் அது நியாயமான குற்றச்சாட்டாகவே படுகிறது. திறமைசாலிக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்பது எந்த அணியையும் உள்ளிருந்து அரிக்கும்.

அந்தப் பருவ இறுதியில் கிப்புக்குத் தொண்டையில் தொற்று ஏற்பட்டது. நிமோனியாவும் சேர்ந்தது. பெனிசிலின் வருவதற்கு இன்னும் இரு தசாப்தங்கள் இருந்தன. 1920 டிசம்பர் 14ஆம் திகதி சவுத் பெண்ட் மருத்துவமனையில் 25 வயதில் அவர் இறந்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், றொக்னிக்கு மிக மோசமான பருவம் வந்தது. நவம்பர் 10ஆம் திகதி நியூயோர்க்கின் யாங்கி மைதானத்தில் இராணுவக் கல்லூரியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அன்று அவர் அணியைக் கூட்டி ஒரு கதை சொன்னார். மரணப்படுக்கையில் கிப் தன்னிடம் ஒரு வரம் கேட்டதாகவும், என்றாவது அணி நெருக்கடியில் இருக்கும்போது தனக்காக ஓர் ஆட்டத்தை வெல்லச் சொல்லும்படி கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். பையன்கள் கண்ணீரோடு மைதானத்துக்கு ஓடினார்கள். 12-6 என்று வென்றார்கள்.

கிப் உண்மையில் அப்படிக் கேட்டாரா என்பதற்கு றொக்னியின் சொல்லைத் தவிரச் சாட்சி இல்லை. எட்டு ஆண்டுகள் ஏன் பேசாமல் இருந்தார் என்பதற்கும் பதில் இல்லை. அவருக்கு இது புதிய பழக்கமுமல்ல. 1922இல் ஜோர்ஜியா ரெக் அணியோடு ஆடுமுன் தன் சின்ன மகன் கடும் நோயில் கிடக்கிறான் என்று பையன்களிடம் சொன்னாராம். வென்று ஊர் திரும்பியபோது மகன் புகையிரத நிலையத்தில் ஓடிவந்து வரவேற்றானாம். அந்தக் கதை பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது.

இதைச் சாமர்த்தியம் என்று சிரித்துக் கடப்பவர்கள் உண்டு. என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. பயிற்றுநரை நம்பும் வயது 18, 20. அந்த நம்பிக்கையைப் பொய்க்காகச் செலவழித்தால், உண்மையாகவே ஒரு நெருக்கடி வரும் நாளில் எதைச் செலவழிப்பது? 1918இல் றொக்னியிடம் சொல்வதற்குக் கதை எதுவும் தேவைப்படவில்லை. யுத்தமும் காய்ச்சலும் கண்முன்னே இருந்தன. அந்தப் பையன்கள் கதை கேட்டு ஆடவில்லை. அவரோடு மாலையில் எஞ்சிய ஒரு மணி நேரத்தைப் பகிர்ந்ததற்காக ஆடினார்கள். நான் மதிக்கும் றொக்னி அந்த மைதானத்தில்தான் இருக்கிறார்.

புகழும் விலையும்

மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் பெரிய கூட்டமைப்பு நோட்டர் டேமைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கர் மீதான வெறுப்பும் அதற்கொரு காரணம் எனப்படுகிறது. ஆகவே றொக்னி ஆட்டங்களைத் தேடி நாடு முழுவதும் புகையிரதத்தில் அலைந்தார். அதுவே வாய்ப்பாயிற்று. அயர்லாந்து, இத்தாலி, போலந்துக் குடியேற்றத் தொழிலாளர்கள் எந்த நகரிலும் அந்த அணியைத் தங்கள் அணியாக எடுத்துக்கொண்டார்கள். 1925 புத்தாண்டு நாளில் ஸ்ரான்ஃபோர்ட்டை 27-10 என்று வென்று 1924 பருவத்தைத் தோல்வியின்றி முடித்தார். அதே 1925 நவம்பரில் அவர் கத்தோலிக்கத்தைத் தழுவினார்.

அவருடைய அணி பந்து நகரும் கணத்துக்கு முன்னால் பின்வரிசை நால்வரையும் ஒன்றாக இடம்மாற்றும் உத்தியில் தேர்ந்திருந்தது. எதிரணி தடுமாறும். கடைசியில், இடம்மாறிய பின் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தே அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

உடல் அதன் விலையைக் கேட்டது. 1929இல் காலில் இரத்தம் உறையும் நோய் வந்தது. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் சக்கர நாற்காலியில் இருந்து பயிற்சி கொடுத்தார். புதிய மைதானம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் அந்த ஆண்டு எல்லா ஆட்டங்களும் வெளியூரில். ஒன்பதையும் வென்றார்கள். 1930இல் புதிய மைதானம் திறந்தது. பத்தையும் வென்றார்கள். அதுதான் கடைசிப் பருவம் என்று அவருக்குத் தெரியாது.

கன்சாஸ் வயல்வெளி

1931 மார்ச் 31ஆம் திகதி, ஒரு திரைப்பட வேலையாக லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கிப் போகும் வழியில், கன்சாஸ் நகரில் ஃபொக்கர் விமானமொன்றில் ஏறினார். பஸார் என்ற கிராமத்துக்கு அருகே அது புல்வெளியில் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். றொக்னிக்கு 43 வயது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் எஞ்சினர். நோர்வே மன்னர் இறுதிச் சடங்குக்குப் பிரதிநிதியை அனுப்பினார்.

அந்த விமானத்தின் இறக்கை மரத்தாலானது. உள்ளே ஈரம் புகுந்து பசை இளகியிருக்கலாம் என்று விசாரணை காட்டியது. அதுவரை விபத்து விசாரணை முடிவுகளை அரசு வெளியிடுவதில்லை. இறந்தவர் றொக்னி என்பதால் மக்களின் கோபத்தை அடக்க முடியவில்லை. முடிவு வெளியே வந்தது. மர இறக்கைப் பயணிகள் விமானங்கள்மீது நம்பிக்கை போனது. நிறுவனங்கள் முழு உலோக விமானங்களை நோக்கித் திரும்பின. இன்று நாங்கள் ஏறும் விமானங்களின் பரம்பரை அந்த ஆண்டுகளில்தான் வேகமெடுத்தது. ஒரு பயிற்றுநரின் வாழ்வு எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. அவருடைய மரணம் நிச்சயமாகப் பலரைக் காப்பாற்றியது.

அவர் போன பிறகு பல்கலைக்கழகம் கன்சாஸுக்கு ஆள் அனுப்பியது. மாட்டுப் பண்ணையில் இருந்த ஜெசி ஹார்ப்பர் விளையாட்டுத் துறையின் பொறுப்பை ஏற்கத் திரும்பி வந்தார். 1918இல் ஆறு ஆட்டங்களுக்கு மட்டும் ஆள் திரட்டிய ஒரு 30 வயதுக்காரரிடம் விட்டுப்போன இடம், அப்போது பல்லாயிரம் பேர் அமரும் மைதானமாகியிருந்தது. புதிய பயிற்றுநருக்கு எத்தனை ஆட்டம் அவகாசம் கொடுப்பது என்று யாராவது கேட்டால், நான் அந்த இடைவெளியைத்தான் காட்டுவேன்.